துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டறியும் உணரிகள் குறித்து

துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டறிந்து காவலர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒலி உணரிகளைத் தெருவிளக்குக் கம்பங்களில் பொருத்தினாலே குற்றங்கள் குறைந்துவிடும் என்னும் கட்டுரையின் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்ற கணக்கில், துப்பாக்கிச் சத்தம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உணரிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் முறை திறமையானதுதான். யாரும் தொலைபேசியில் அழைக்காதபோதும் காயமுற்றவருக்கு உதவி விரைவில் கிடைக்க அது வழிவகுக்கும். ஆனால் பட்டாசுச் சத்தமும் அதேபோல் பதிவாகக்கூடும். அமெரிக்காவின் சிகாகோ நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அங்கு இவ்வுணரிகள் அனுப்பி ஆராயப்பட்ட எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 9 விழுக்காட்டில் மட்டுமே துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று பதிவாகியிருந்தது. 2024இல் அந்நகரம் இந்த உணரித் திட்டத்தையே கைவிட்டது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் காவலர்கள் ஆயுதத்துடன் பதற்றமாக விரைந்து வரும் தெருவில் குடியிருப்போரை, குறிப்பாக அங்கு விளையாடும் சிறுவர்களை, எண்ணும்போது எனக்குக் கவலையே மிகுகிறது.