மனோராவைச் சோழர் கட்டவில்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நடத்தும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் நிற்கும் மனோராவைச் சோழர் கட்டவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியன் வீழ்ந்ததை ஆங்கிலேயர் கொண்டாடியபோது, அவர்களின் நண்பராக அவர் எழுப்பிய அறுகோணக் கோபுரம் அது. கல்வெட்டிலேயே 1814 என்று இருக்கிறது. அதன் படத்தைப் போட்டு, 'ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜராஜன் ஏற்றிய கலங்கரை விளக்கம்' என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் ஆண்டைத் திருத்தினேன். பத்தாவது நிமிடத்தில் தமிழ்த் துரோகி ஆனேன். பதினைந்தாவது நிமிடத்தில் குழுவிலேயே இல்லை.

நம் பெருமை எனக்குப் பிடிக்காதாம். பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். ஏணி சாத்திய உயரமான மாடம், அதன் உச்சியில் இரவில் எரியும் தீ, அதைப் பார்த்துத் துறை சேரும் கலங்கள். சிலப்பதிகாரத்தில் 'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லே இருக்கிறது. காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு. இத்தனையும் கையில் இருக்கும்போது மராட்டியர் கட்டிடத்தை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

கோடியக்கரையில் சோழர் காலத்து விளக்கு என்று சொல்லப்பட்ட இடிபாடு 2004 சுனாமியில் போனது. அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் கைகூப்பினோம்?

'ஒரு ஆண்டுக் கணக்குக்கா இவ்வளவு?' என்கிறார்கள். வட்டிக் கணக்கில் ஒரே ஒரு நாள் பிசகட்டும், இதே அண்ணன் சும்மா விடுவாரா? 'தனியாகச் சொல்லியிருக்கலாம்' என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் தப்பைத் தனியாகவா போட்டார்கள்?

'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?' என்றதுதான் சுட்டது. என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர். திரும்பும்போது கடைசி இரவு தூங்கமாட்டாராம், கப்பலின் மேல்தளத்திலேயே நிற்பாராம். அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஐயாவின் குறிப்பேடு இன்னும் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பென்சிலால் 'விளக்குத் தெரிந்தது' என்று இரண்டே சொல். அடுத்த வரியில் வண்டிக்கூலி.

அவர் பார்த்தது சென்னை உயர் நீதிமன்றக் கோபுர விளக்கு. 1894இல் ஏற்றியது, 1977இல் மெரினாவுக்கு மாறும்வரை எரிந்தது. அதற்கு முன் 1844 முதல் அதே வளாகத்தில் ஒரு கல்தூண். அதற்கும் முன் 1796இலிருந்து கோட்டைக்குள் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு. எல்லாம் வெள்ளைக்காரன் வைத்ததுதான். அதற்காக ஐயா கண்ணை மூடிக்கொண்டா கரை இறங்கினார்? உங்கள் வீட்டு ஐயாக்களும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தானே வந்தார்கள்? அவர்கள் கொண்டுவந்த பணத்தில் நிற்கிற வீட்டு முகப்பில் உட்கார்ந்துகொண்டுதானே என்னைத் துரோகி என்று தட்டினீர்கள்?

அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் கையாலேயே நீக்கியிருக்க வேண்டாம். திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. முன்னோருக்குப் போடும் படைப்பு எந்தத் தேதி என்பதை மட்டும் யாராவது போனில் சொல்லிவிடுங்கள்.