நெல்லிக்காய் அளவு புளி

தம்பி: அக்கா வந்துட்டியா, சீக்கிரம் சொல்லு, அரநெல்லியா பெருநெல்லியா?

அக்கா: செருப்ப கழட்ட விடுடா. என்ன நெல்லி?

தம்பி: ரசத்துக்கு புளி நெல்லிக்காய் அளவு போடுன்னு அம்மா போன்ல சொன்னாங்க, எந்த நெல்லின்னு கேக்கறதுக்குள்ள வச்சிட்டாங்க, அதான் கடைக்கு போய் பெருநெல்லி அரை கிலோ வாங்கியாந்து பக்கத்துல வச்சு சைஸ் பாத்து உருட்டி போட்டுட்டேன்.

அக்கா: அளவு பாக்க அரை கிலோவா?

தம்பி: ஒன்னே ஒன்னு கேட்டா கடைக்காரர் மொறைக்கிறாருக்கா.

அக்கா: சரி, சிங்க்ல என்ன... ஒன்னு, ரெண்டு... பதினாலு. டேய் ரசம்தானடா வச்ச? இட்லி தட்டு எதுக்கு?

தம்பி: தக்காளி அவிச்சேன். ஆவில வச்சா சத்து போகாதாம்.

அக்கா: வடிதட்டு?

தம்பி: புளி வடிகட்ட.

அக்கா: டீ வடிகட்டி?

தம்பி: வடிதட்டுல ஓட்டை பெருசுக்கா.

அக்கா: (கரண்டில ஒரு சொட்டு நக்கிட்டு) இது ரசமில்லடா, புளிக்காய்ச்சல். நுரை கட்டி வந்ததும் இறக்கணும்னு சொல்லலையா அம்மா?

தம்பி: நுரை கட்டுச்சே! அழகா இருந்துச்சு, போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன், பெரியம்மா ஹார்ட் போட்டாங்க, அத்தை "என் தங்கம்"னாங்க, எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு வந்து பாத்தா பாதி ஆவியா போயிருச்சு.

(குரூப் பேரு 'அன்பு குடும்பம்'. எல்லா வீட்லயும் அதான் பேரு.)

அக்கா: ஆறு வருஷமா அதே குரூப்லதான் நானும் இருக்கேன். நான் வடிச்ச சோத்துக்கு ஒரு கட்டவிரலாச்சும் வந்திருக்கா?

தம்பி: நீதான் போட்டோ போட மாட்டியே. நான் உனக்கு ஹெல்ப் பண்லாம்னு ரெண்டு மணி நேரம் நின்னு காலு வலிக்க...

அக்கா: எனக்கா? ராத்திரி நான் மட்டுமாடா திங்கப்போறேன்? வாடகைல பாதி குடுக்குறப்போ "அக்காவுக்கு ஹெல்ப் பண்றேன்"னா சொல்ற, என் பங்குன்னுதான சொல்ற? அடுப்பு பக்கம் வந்தா மட்டும் அது எப்டி ஹெல்ப் ஆயிருது?

தம்பி: ரெண்டு மணி நேரம்க்கா!

அக்கா: 2019ல மத்திய அரசு சர்வே எடுத்துச்சு, சம்பளமில்லாத வீட்டு வேலைல பொம்பளைங்க நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்.

தம்பி: அப்போ எனக்கு 23 நிமிஷம் ஓவர்டைம்.

அக்கா: அந்த 97ம் வேலை செய்ற ஆம்பளைங்களோட சராசரிடா. நூத்துக்கு 26 பேருதான் செய்யவே செய்றாங்க.

தம்பி: மிச்ச பேரு?

அக்கா: அரநெல்லியா பெருநெல்லியான்னு யோசிச்சிட்டு இருக்காங்க.

தம்பி: ...நெல்லிக்காய வேணா வீணாக்காம ஊறுகா போட்ரலாம்.

அக்கா: யாரு போடறது?

தம்பி: நாமதான்.

அக்கா: இந்த வீட்ல நாமன்னா அது நான்தான். பல்லு தேய்க்கிறத தவிர எல்லாத்தையும் "நாம பண்ணலாம்"னு சொல்லுவ. ஒழுங்கா அந்த பதினாலயும் தேய்ச்சிட்டு, மேடைய தொடச்சிட்டு, அப்புறம் சாப்பிட வா.

தம்பி: மேடையுமா? அது சமையல்ல வருமா?

அக்கா: வரும். போட்டோல மட்டும்தான் வராது.

தம்பி: சரி சரி, தேய்க்கிறேன்க்கா.

அக்கா: தேய்.

தம்பி: தேய்க்கிறேன், இந்தா போன பிடி, நொரையோட கை தெரியற மாதிரி ஒன்னு எடு.