வின்னிபெக் ஜெட்ஸ்: பெயர் மட்டும்தான் பழையது

கனடாவின் வின்னிபெக் நகர ஐஸ் ஹாக்கி அணியான ஜெட்ஸைப் பற்றி, "1996-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸுக்குப் போன ஜெட்ஸ் அணி 2011-இல் வின்னிபெக்குக்கே திரும்பி வந்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். பலருக்கும் இருக்கும் குழப்பம்தான், ஆனால் தவறு. 2011-இல் வந்தது அட்லாண்டா த்ராஷர்ஸ். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் புதிய அணிகளைச் சேர்த்தபோது, 1999-இல் ஆடத் தொடங்கிய அணி அது. வின்னிபெக்கைச் சேர்ந்த ட்ரூ நார்த் நிறுவனம் அதை வாங்கி ஊர் மாற்றி, ரசிகர்களின் ஆசைக்காகப் பழைய பெயரைச் சூட்டியது. (பாவம் அட்லாண்டா. 1980-இல் ஃப்ளேம்ஸ் அணியையும் கால்கரியிடம் பறிகொடுத்த ஊர் அது.)

பழைய ஜெட்ஸ் ஃபீனிக்ஸில் கயோட்டீஸ் ஆகி, 2024 வரை அந்தப் பகுதியிலேயேதான் இருந்தது. அதனால்தான் 1992-93 பருவத்தில் பழைய ஜெட்ஸின் தீமு செலானே அறிமுக வீரராக அடித்த 76 கோல், அதே ஊரில் அதே பெயரில் அடித்ததாக இருந்தும், இன்றைய ஜெட்ஸின் அதிகாரபூர்வ சாதனைக் கணக்கில் வராது.

அப்புறம், 2024-இல் கயோட்டீஸ் வீரர்கள் யூட்டாவுக்குப் போனார்களே, அதுவும் வழக்கமான இடமாற்றம் இல்லை. வீரர்களும் டிராஃப்ட் (இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) உரிமைகளும் ஹாக்கி நிர்வாகப் பிரிவும்தான் கைமாறின. யூட்டாவை லீக் புதிய அணியாகவே பதிவு செய்தது. கயோட்டீஸின் வரலாறு அவர்களோடு போகவில்லை.