இயற்கை தானாகச் சரிசெய்துகொள்ளுமா?

தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் கடலோர மணற்குன்றுகளுக்கு வேட்டை விலங்குகள் திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, "நரியைச் சுட்டுத் தள்ளுங்கள்" என்கிறது. மற்றொன்று, "இயற்கை தானாகச் சரிசெய்துகொள்ளும், தலையிடாதீர்கள்" என்கிறது. இரண்டாவது குரல்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் அது அன்பின் பெயரால் பேசுகிறது.

நெதர்லாந்தைப் பாருங்கள். நெடுங்காலம் நரியே இல்லாதிருந்த அதன் கடலோர மணற்குன்றுகளில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நரி மீண்டும் பரவியது. தரையில் முட்டையிட்டு வந்த கடற்காகங்கள் அங்கிருந்து கிளம்பி நகரத்துக் கூரைகளில் குடியேறின. நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவையான பெரிய கோட்டானுக்கு (ஆந்தை அல்ல) கூரை உதவாது. அது குன்றுகளிலேயே தங்கித் தேய்ந்தது. நரி செய்த சேதம் உண்மை. அதை மறைத்துப் பேசுவது பறவைக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் நரி வந்தபோது அந்தக் குன்றுகள் பழைய குன்றுகளாக இல்லை. புல்லை மேய்ந்து மணலைத் திறந்து வைத்திருந்த முயல்களை முதலில் மிக்ஸோமடோசிஸ் நோயும், 1990 வாக்கில் ரத்தக்கசிவு நோயும் சாய்த்தன. காற்றுவழி வந்து படிந்த நைட்ரஜன் புல்லை அடர்த்தியாக்கியது. கோடையில் மனிதர்களும் அவர்களுடைய நாய்களும் கடற்கரையை நிரப்பினார்கள். ஏற்கெனவே மூலையில் நெருக்கப்பட்டிருந்த பறவையைத்தான் நரி கண்டெடுத்தது. இந்த நிலையில் எதை எதனோடு சமன் செய்வது?

சரி, பாதுகாப்போம் என்று இறங்கினால் அதுவும் எளிதல்ல. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் பனி உப்புக்கொத்தி மணலில் சிறு குழி பறித்துப் பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். 1993இல் அது அழிவு அச்சத்தில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது. கூட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைத்தார்கள். நரியும் அண்டங்காக்கையும் முட்டையை நெருங்க முடியவில்லை. ஆனால் 1972இல் டி.டி.டி. பூச்சிக்கொல்லி தடை செய்யப்பட்ட பிறகு மீண்டு வந்த பொரி வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் மேலிருந்து பார்க்கின்றன. கூண்டைவிட்டு வெளியே ஓடும் தாயோ தந்தையோ அவற்றுக்கு இரையாகிவிடலாம். முட்டை போனால் அதே பருவத்தில் மீண்டும் இடலாம். வளர்ந்த பறவை போனால் அதன் எதிர்காலக் கூடுகள் அத்தனையும் போயிற்று. குஞ்சு பொரிக்கும் விகிதம் உயர்ந்தது என்று மகிழும் அறிக்கைகளில் இந்தக் கணக்கையும் நான் தேடுகிறேன்.

அதனால் நான் கேட்பது கூண்டைவிடப் பெரிய இடம். கூடு கட்டும் மாதங்களில் கரையின் நீண்ட பகுதிகளை மனிதருக்கும் நாய்க்கும் மூட வேண்டும். நரியும் காக்கையும் மனிதக் குப்பையால் கொழுப்பதை நிறுத்த வேண்டும். மணலைப் பிடித்து நிறுத்த மனிதர் நட்ட புல், பதுங்கி வரும் விலங்குக்கு மறைவாகிவிட்டது. அதை அகற்றி வெறும் மணலைத் திறந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் சின்ன ஆலா என்னும் கடற்பறவைகளின் குஞ்சுகளைத் தூக்கும் சிறு வல்லூறுகளுக்கு, அந்த வல்லூறுகளின் கூட்டருகிலேயே வேறு இரை வைத்துத் திசைதிருப்பிப் பார்த்திருக்கிறார்கள். கொல்லாமல் தலையிடவும் வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று.

சில இடங்களில், மிச்சமிருக்கும் கடைசிச் சில ஜோடிகளுக்காக நரியை அகற்றத்தான் வேண்டியிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்பவர்கள் அதே ஆண்டில் அந்தக் கரையை மனிதர்களுக்கும் மூடியிருக்க வேண்டும். மூடாமல் துப்பாக்கியை மட்டும் எடுத்தால், அந்தத் திட்டத்துக்கு என் ஆதரவு இல்லை.