வார்லிதானே, யார் வரைந்தால் என்ன?

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் லாபிச் சுவரில் வார்லி என்ற பழங்குடி ஓவியம் வரைந்தார்கள். காவி நிற எமல்ஷன் இரண்டு கோட்டிங், அதன்மேல் வெள்ளை அக்ரிலிக். வரைய வந்த பையன் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டென்சிலை ஒட்டி ஒட்டி அடித்துக்கொண்டே போனான். முக்கோணத்தின் மேல் தலைகீழாக இன்னொரு முக்கோணம், உருண்டைத் தலை, குச்சிக் கைகால். நடுவில் சுருள் சுருளாகக் கைகோத்து ஆடும் கூட்டம். அந்தச் சுருளுக்குள் ஒருவர் நின்று தார்ப்பா ஊதவேண்டும், ஆட்டமே அவரைச் சுற்றித்தான். இடம் போதவில்லை என்று தம்பி அவரை விட்டுவிட்டான். மேளக்காரர் இல்லாத கெட்டிமேளம்!

அவன்மேல் குற்றமில்லை. அசோசியேஷன் கூட்டத்திலேயே நான் கேட்டுப் பார்த்தேன். மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் வார்லி ஓவியர்கள் இருக்கிறார்கள், வெளியூர் வந்து சுவர்களில் வரைந்தும் தருகிறார்கள், ஒருவரைக் கூப்பிடலாமே என்றேன். "வார்லிதானே சார், யார் வரைந்தால் என்ன? அது பாரம்பரியக் கலை" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன். ஆஸ்திரேலியா ஞாபகம் வந்தது.

1966இல் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் பழங்குடி ஓவியம் ஒன்றைப் போட்டார்கள். மரப்பட்டையில் வரைந்தது, குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரனின் இறுதிச் சடங்கைச் சொல்வது. யாரிடமும் கேட்கவில்லை. எப்போதோ செத்துப்போன, பெயர் தெரியாத ஒருவர் வரைந்ததாக இருக்கும் என்று ரிசர்வ் வங்கியில் நினைத்துக்கொண்டார்கள். வரைந்த டேவிட் மலாங்கியோ வடக்கே ஆர்னம் லேண்டில் உயிரோடு இருந்தார். தன் ஓவியம் நாடு முழுக்கக் கைமாறுவது அவருக்கே தெரியாது. விஷயம் வெளியே வந்த பிறகு வங்கியின் கவர்னர் அவருக்கு 1,000 டாலரும் மீன்பிடிச் சாமான்களும் ஒரு பதக்கமும் கொடுத்தார். கள்ளநோட்டு அடித்தால் ஜெயிலில் போடும் அரசாங்கம், நல்ல நோட்டையே அடுத்தவர் ஓவியத்தைச் சுட்டுத்தான் அடித்திருக்கிறது.

அதே நாட்டில் அதற்கு முன்பே ஆல்பர்ட் நமட்ஜிரா என்ற பழங்குடி ஓவியரின் நீர்வண்ணப் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கின. 1957இல் அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். சொந்த மண்ணில் பிறந்தவருக்கு! மறு வருடமே, குடியுரிமை இல்லாத தன் உறவுக்காரர்களுக்கு மது கிடைக்கச் செய்தார் என்று தண்டித்தார்கள். 1959இல் இறந்துவிட்டார். 1983இல் அவருடைய காப்புரிமையை அரசு அறங்காவலர் ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றார். குடும்பத்துக்கு அது திரும்பி வர 2017 வரை ஆனது.

நமட்ஜிரா தண்டனை அனுபவித்த இடம் பாப்புன்யா குடியிருப்பு. 1971இல் அங்கே ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் வந்தார். பள்ளிச் சுவரில் ஊர்ப் பெரியவர்கள் 'தேனெறும்புக் கனவு' என்ற தங்கள் மூதாதைக் கதையை வரைந்தார்கள். அடுத்த வருடமே ஓவியர்கள் தங்களுக்கென ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகமே அடையாளம் காணும் அந்தப் புள்ளி ஓவியம் பெருகியது அங்கிருந்துதான். அந்த ஓவியர்களில் ஒருவர் கிளிஃபர்ட் பாஸம். 1977இல் அவருடைய பெரிய ஓவியம் ஒன்று 1,200 டாலருக்கு விற்றது. 2007இல் அதே துணி ஏலத்தில் 24 லட்சம் டாலர். பாஸம் 2002இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த மாதிரிக் கதைகள் சேர்ந்து சேர்ந்துதான் 2009இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கு, அவர் இல்லாவிட்டால் வாரிசுக்கு. விற்பனையைத் தெரிவித்தாக வேண்டும், வசூலித்துக் கொடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது.

சரி, நம் ஊரில்? இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. நம் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1994 திருத்தத்தில் சேர்த்தது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்குப் பங்கு, 10 சதவீதம் வரை. ஆஸ்திரேலியாவுக்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே, அதைவிடத் தாராளமாக எழுதி வைத்திருக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய். வார்லிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது காப்பது பெயரை. என் லாபிச் சுவரில் உள்ள முக்கோண மனிதர்களை அது ஒன்றும் செய்யாது.

ஆஸ்திரேலியா யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பழங்குடி டிசைன் போட்ட நினைவுப் பொருட்கள் அங்கே விற்பதில் பாதிக்கும் மேல் போலி என்று 2022இல் அரசு ஆணைய அறிக்கையே சொன்னது. ஆனால் அங்கே ஓவியத்தோடு ஓவியரின் பெயரும் பயணம் செய்யத் தொடங்கிவிட்டது. நாம் 'பாரம்பரியம்' என்ற சொல்லை மாலை மாதிரி போடுகிறோம். போட்டபின் அந்த ஆள் படமாகிவிடுகிறார். ஊருக்கே சொந்தம் என்று ஆனபின் யாருக்குக் காசு கொடுப்பது, யாரிடம் அனுமதி கேட்பது?

நம்மிடமும் பெயர் எழுந்த கதை ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்து ஜன்கர் சிங் ஷியாம். பர்தான் கோண்டு. பாணா என்ற நரம்பு வாத்தியத்தை இழைத்துக்கொண்டு கோண்டுகளின் குலக்கதைகளைப் பாடும் பாணர் குலம். 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் அவரைப் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தார். 1989இல் பாரிஸ் கண்காட்சி. மான் கொம்பு மரமாகக் கிளைக்கும், உடம்பெல்லாம் புள்ளியும் கோடும் நிறையும் அந்தப் பாணிக்கு இன்று 'ஜன்கர் கலம்' என்றே பெயர். பாரம்பரியம் என்று நாம் கும்பிடும் கோண்டு ஓவியம் உண்மையில் ஒரு தனிமனிதர் காகிதத்தில் கண்டுபிடித்தது, நாற்பது வருடப் பழசு. அவர் 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில் தற்கொலை செய்துகொண்டார். ஊர் திரும்ப ஏங்கியதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். பாரத் பவனைப் பற்றிப் பேசும்போது இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இலக்கியத்துக்கு வந்தால் தராசு கொஞ்சம் மாறும். ஊட்ஜெரூ நூனக்கல் 1964இல் கொண்டுவந்ததுதான் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு, ஆங்கிலத்தில். 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்த கண்டம் அது. பெரும்பாலானவை போய்விட்டன, அல்லது முதியவர்கள் நாவில் மட்டும். இங்கே சந்தாலிக்கு 1925இலேயே ரகுநாத் முர்மு தனி எழுத்தே படைத்தார், 2003இல் அந்த மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறியது. ஆனால் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த கோண்டியை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் தாய்மொழி என்றார்கள். அது அட்டவணையில் இல்லை. 25 ஆயிரம் பேர்கூடச் சொல்லாத சமஸ்கிருதம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவையும் இந்தியாவையும் 'காலனியத்துக்குப் பிந்தைய நாடுகள்' என்று ஒரே பெட்டியில் போடுவது கல்லூரி வழக்கம். வந்தவர்கள் அங்கே இன்னும் போகவில்லை. இங்கே போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் எழுதிய 1927ஆம் வருட வனச் சட்டம் இருக்கிறது. காட்டில் விறகு பொறுக்கி மாட்டிக்கொண்டவரிடம் போய்ப் பிந்தையதா முந்தையதா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் இருந்துகொண்டு சந்தோஷப்பட ஒன்று உண்டு. ஜன்கரின் உறவினர் பஜ்ஜு ஷியாம் லண்டனில் ஓர் உணவகச் சுவரை வரையப் போய், பார்த்த ஊரைத் தன் கண்ணால் புத்தகமாக்கினார். பிக் பென் கடிகாரம் அதில் சேவல். இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா! ரெட் பஸ், பழகிய நாய். 2004இல் அதை வெளியிட்டது நம் ஊர் தாரா புக்ஸ். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் லாபிச் சுவரிலும் ஒரு பெயர் வேண்டும் என்று கடைசிக் கூட்டத்தில் சொன்னேன். குறைந்தபட்சம் 'வார்லி, பால்கர்' என்றாவது. பார்க்கலாம் என்றார்கள். நேற்று இரவு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். வலது கீழ் மூலையில், ஆடும் பெண்ணின் காலுக்கடியில் வெள்ளை அக்ரிலிக்கில் பளிச்சென்று எழுதியிருந்தது, காண்ட்ராக்டரின் செல் நம்பர்.