வழிகாட்டியோடு போனாலும் வண்டியை ஓட்டியது அவர்தான்

இரண்டு நாளாக இங்கே ஓடிக்கொண்டிருக்கும் விவகாரத்தை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. வழிகாட்டியோடு குழுவாக மத்திய ஆசியாவின் பாமீர் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டிப்போன படங்களை அக்கா போட்டதும், அதை ஏளனம் செய்து நம் நண்பர் ஒருவர் கீழே எழுதியதும், அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளும் நீங்கள் எல்லோரும் பார்த்தவைதான். நேற்றிரவு அக்கா அந்தப் படங்கள் அத்தனையையும் நீக்கிவிட்டார். அவர் நீக்காமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். நீக்கிவிட்டதால் எழுதுகிறேன்.

“வழிகாட்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போய்வருவதற்குப் பெயர் பயணமா? மூட்டையை வேன் சுமந்தது, உங்களை வழிகாட்டி சுமந்தார்.” இதுதான் அவர் எழுதியது. அடுத்த பதிலில் அந்த வழிகாட்டியை ‘ஆயா’ என்றும் குறிப்பிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். வண்டியை ஓட்டியது அக்கா. வழிகாட்டி முன்னால் போனார், வேன் பின்னால் வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் கைப்பிடியைப் பிடித்திருந்தது அக்காவின் கை. கிளட்சைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போனதும் அவருடைய விரல்தான்.

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கிளம்பினால் சாரி-தாஷ் 3,000 மீட்டருக்கு மேல். அதைத் தாண்டி தஜிகிஸ்தான் எல்லையில் கிசில்-ஆர்த் கணவாய் 4,200 மீட்டருக்கு மேல். அதற்கும் அப்பால் அக்-பைத்தால் 4,655 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மனிதருக்கும் மூச்சு வாங்கும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். கீழே சரளை அலையலையாக இறுகிக் கிடக்கும். மெதுவாகப் போனால் உடம்பு உதறும், வேகமாகப் போனால் முன்சக்கரம் நழுவும். முன்னே ஒருவர் போகிறார் என்பதற்காக அந்தச் சரளை யாருக்கும் இளகிக் கொடுப்பதில்லை.

1972-இல் ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண், பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்ஃபஹானுக்கு ஒரு பெரிய குழுவோடு மோட்டோ குஸி வண்டியில் போனார். ஏறக்குறைய முழுவதும் ஆண்களாக இருந்த குழு அது. திரும்பி வந்ததும் என்ன பேசினார்கள் தெரியுமா? அவர் ஓட்டவே இல்லை, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று பேசினார்கள். அடுத்த ஆண்டு ஒரு சிறிய கவாசாகியை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்தார். இந்தக் கதையை எல்லோரும் கைதட்டிக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். இஸ்ஃபஹான்வரை அவர் ஓட்டியதை நம்புவதற்கு உலகத்தையே சுற்றிக் காட்ட வேண்டியிருந்ததா? ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று லாரி, இன்று வேன். இதே பேச்சை அந்த நண்பர் தன் ஆண் நண்பர்களின் குழுப்பயணப் படங்களுக்குக் கீழே எழுதி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 2004-இல் நடிகர்கள் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக லண்டனிலிருந்து நியூயார்க் வரை பைக்கில் போனார்கள். அவர்களுக்குத் துணை வண்டிகள் இருந்தன, படப்பிடிப்புக் குழு இருந்தது, எல்லைகளில் தாள்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பெரிய பைக் வாங்கினேன் என்று எழுதியவர் இதே நண்பர். அந்தப் பயணம் பயணமென்றால் அக்காவுடையது ஏன் இல்லை?

நானும் பாமீருக்கு வழிகாட்டியோடுதான் போனேன். சாரி-தாஷில் தங்கிய இரவு, எங்கள் குழுவிலேயே திடமான இளைஞனுக்குத் தலைவலி, வாந்தி. களைப்புதான், காலையில் சரியாகிவிடும் என்று அவன் சாதித்தான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வழிகாட்டி மட்டும் ஒப்பவில்லை. “இங்கிருந்து தால்திக் கணவாயை மட்டும் தாண்டினால் கீழே இறங்கிவிடலாம். நாளை கராக்குல் ஏரிக்குப் போய்விட்டால் இறங்க வழி கிடையாது” என்றார். வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்த இடம் அது. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது: கராக்குலே 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வடக்கே வந்தால் கிசில்-ஆர்த், தெற்கே போனால் அக்-பைத்தால். எந்தப் பக்கம் தப்பிக்க நினைத்தாலும் முதலில் இன்னும் மேலே ஏற வேண்டும். உயர நோய் கண்டவனை மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று மருத்துவர்களைக் கேளுங்கள். அன்றிரவே அந்த இளைஞனை ஓஷுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். எதில்? அந்த வேனில்தான். எல்லோரும் சிரிக்கிற அதே வேனில்.

பின்னர் தஜிகிஸ்தானின் பர்த்தாங் பள்ளத்தாக்கில் இருட்டு முழுவதும் கலைவதற்குள் வழிகாட்டி எங்களைக் கிளப்பினார். பனி உருகி வரும் ஆறுகளில் விடியற்காலையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏற உருகும், மாலைக்குள் காலையில் கடந்த இடமே கடக்க முடியாததாகிவிடும். எந்த ஓடை எத்தனை மணிக்குப் பெருகும் என்பது அவருக்கு மனப்பாடம். இந்த மனிதரைத்தான் ஆயா என்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்று நடத்திச் செல்வது ஒரு தொழில், படித்தும் பட்டும் கற்ற தொழில். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவும் மரியாதைக்குரியவர்தான் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த நண்பர் மரியாதையாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை.

“அப்படியானால் தனியாகப் போவதை எதிர்க்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். நான் எங்கே எதிர்த்தேன்? வியட்நாமின் ஹா ஜியாங் மலைப் பக்கம் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போனவன் நான். மா பி லெங் கணவாயில் நினைத்த வளைவில் நிறுத்தினேன். நோ குவே ஆறு ஆழத்தில் பச்சையாக ஓடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை. அந்தச் சுகத்தைக் குழுவில் பெற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். குழுவில் போனால் முன்வண்டியின் புழுதியைத் தின்ன வேண்டும். மழை வந்தாலும் இன்றைய தூரத்தை இன்றே முடித்தாக வேண்டும். யாரோ ஒருவர் தினமும் தாமதமாகக் கிளம்புவார், அவருக்காக எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். மோசமான நிறுவனங்களும் இருக்கின்றன. ஓட்டும் திறமை பார்க்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டு, கடைசியில் வருபவரை விரட்டுவார்கள். கடைசி வண்டியாக யார் வருவார், செல்பேசிக்கு அலை கிடைக்காத இடத்தில் என்ன தொடர்பு வசதி, வண்டி விழுந்தால் செலவு யார் தலையில் என்று முன்பே கேட்டு எழுதி வாங்காதவர்கள் அவதிப்படுவார்கள். இவை எல்லாம் சரி.

ஆனால் தனியாகப் போனேன் என்பது எவ்வளவு தூரம் உண்மை? அதே ஹா ஜியாங் பயணத்தில், மியோ வாக் ஊரைத் தாண்டி ஒரு சரிவில் பின்டயர் பஞ்சரானது. சாலையோர வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு சொல்லும் இருவருக்கும் பொதுவில்லை. தன் வேலையைப் போட்டுவிட்டு மழையில் உட்கார்ந்து டியூபைக் கழற்றி ஒட்டிக் கொடுத்தார். பணத்தை வாங்க மறுத்து என் கையை மடக்கிவிட்டார். அவரும் வழிகாட்டிதான், சம்பளம் வாங்காத வழிகாட்டி. தனிப்பயணம் என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஊருக்கு ஒருவர் இருந்திருக்கிறார். குழுவாகப் போகிறவர், செய்யப்போகும் உதவிக்கு முன்கூட்டியே கூலி கொடுத்துவிட்டுப் போகிறார். அதில் என்ன இழிவு? உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுப்பது கேவலம், இலவசமாக உழைக்க வைப்பது வீரம் என்று எந்த நியாயத்தில் சொல்கிறீர்கள்?

“பணம் இருப்பவர்கள்தான் இப்படிப் போக முடியும்” என்கிறார்கள். ஆமாம், செலவு அதிகம்தான். அக்கா தன் பணத்தைச் சேர்த்து வைத்துச் செலவழித்தார். அதைப் பற்றி மேலே பேச எனக்கு எதுவும் இல்லை.

பல இடங்களில் தேர்வே நம் கையில் கிடையாது என்பதையும் இந்த வீரர்கள் மறைக்கிறார்கள். திபெத்தில் வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் சுற்ற முடியாது. சீனாவுக்குள் நம் வண்டியைக் கொண்டுபோக வேண்டுமானால் முகவர் வழியாக அனுமதி, தற்காலிக எண், தற்காலிக உரிமம், கூடவே வழிகாட்டி. துர்க்மெனிஸ்தானில் நீண்ட காலம் சுற்றுலா விசா என்றால் வழிகாட்டி கட்டாயமாக இருந்தது, அதைத் தவிர்க்க நினைத்தவர்கள் சில நாள் கடவு விசாவில் நாட்டைக் குறுக்கே வெட்டி ஓடினார்கள். திபெத்துக்குப் போனவர்களெல்லாம் மூட்டைகளா?

“நண்பர் விளையாட்டாகச் சொன்னார், ஏன் பெரிதாக்குகிறீர்கள்” என்று உள்பெட்டியில் வந்து சொன்னவர்களுக்கு: விளையாட்டு என்றால் இருவரும் சிரித்திருக்க வேண்டும். அக்கா சிரிக்கவில்லை. மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, மணல் பரப்பில் விழுந்து எழப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒவ்வொருவரிடமும் மன்றாடி அனுமதி வாங்கிப் போனவர் அவர். திரும்பி வந்து எனக்குத் தொலைபேசியில் பேசியபோது அந்தக் குரலில் இருந்த பூரிப்பைக் கேட்டவன் நான். நேற்று பேசியபோது, “அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறதோ தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவழைத்ததற்காக உங்கள் யாரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த ஏளனத்தால் இன்னொரு கேடும் நடக்கிறது. இதைப் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகள், வழிகாட்டியோடு போனால் சிரிப்பார்கள் என்று பயந்து தனியாகக் கிளம்புகிறார்கள். போகட்டும், ஆனால் எதைத் தெரிந்துகொண்டு போகிறார்கள்? பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என இரண்டு வகை உண்டு. ஜப்பான் 1949 வகையைத்தான் ஏற்கும். வியட்நாம் ஏற்பது 1968 வகையை. தவறான தாளோடு வியட்நாமில் வண்டி எடுத்தால், வாடகைக்கு விடுபவர் ஒன்றும் சொல்லமாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும். செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கு ஒரு காசு வராது. பல பயணக் காப்பீடுகளில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குப் பாதுகாப்பே கிடையாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சொந்த வண்டியைக் கொண்டுபோனால் சில நாடுகளுக்குக் கார்னே என்ற சுங்க ஆவணம் வேண்டும். அதில் வெளியேறும் முத்திரை விழாமல் போனால் கட்டிய பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். தனியாகப் போகிறவர் இவை அத்தனையையும் தானே சுமக்க வேண்டும். சுமக்கத் தெரிந்தவர் தாராளமாகச் சுமக்கட்டும், நான் வணங்குகிறேன். அந்த நண்பரின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று நேற்று தேடிப் பார்த்தேன். சூரிய அஸ்தமனமும் சாய்ந்த வளைவுகளும்தான் இருக்கின்றன.

“திறமை இல்லாதவர்களையும் இந்த நிறுவனங்கள் மலைக்கு ஏற்றிவிடுகின்றனவே” என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். ஏற்றுகின்றன, தவறுதான். அது நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்வி. அக்காவைக் கேட்க வேண்டியது அல்ல.

அந்த நண்பருக்கு நேரடியாகவே சொல்கிறேன், அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். உங்கள் தனிப்பயணத்தில் எல்லைச் சாவடியில் உங்களுக்காகப் படிவம் நிரப்பியவர், ஆற்றில் வண்டியைத் தள்ளியவர், இரவில் கதவைத் திறந்தவர், இவர்களைப் பற்றி எழுதுங்கள். ஒருவரும் உதவவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் உங்களுக்கும் அக்காவுக்கும் இடையில் உள்ளது. ஆனால் அக்காவைப் பற்றி எழுதிய இரண்டு பதில்களையும் இன்றே நீக்கிவிடுங்கள்.

கீழே கருத்து எழுதுகிறவர்கள் என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். அக்காவின் பெயரைக் குறிப்பிட்டு அவரை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம்.