ரமோட்ஸ்வே அம்மா இருக்கிறார்

ராத்திரி மனசு அடங்காமல் கிடக்கும்போது நான் கையில் எடுப்பது துப்பறியும் நாவல்தான். ரத்தம் தெறிக்கிற வகை இல்லை. எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கிற ஓர் ஊர், நடுவில் ஒரு மர்மம், அதைக் கிளறிப் பார்க்க ஒரு சாதாரண மனுஷி, கடைசியில் உண்மை வெளியே வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்பார்கள். இலக்கியம் பேசும் நண்பர்கள் இதையெல்லாம் டைம்பாஸ் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது.

நான் திரும்பத் திரும்பப் போய் உட்காருவது அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் ‘தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்ஸி’ வரிசையில். முதல் புத்தகம் 1998இல் வந்தது. எடின்பரோவில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், போட்ஸ்வானாவிலும் வேலை பார்த்தவர். கதை நடப்பது அந்த நாட்டின் தலைநகர் காபரோனில்.

கதாநாயகி ப்ரெஷியஸ் ரமோட்ஸ்வேயின் அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து நுரையீரலைப் பறிகொடுத்தவர். சாகக் கிடக்கும்போது, “என் மாடுகளை விற்று ஒரு தொழில் ஆரம்பி, கறிக்கடை வேண்டுமானாலும் வை” என்கிறார். மகள் துப்பறியும் ஏஜென்ஸி தொடங்கப்போவதாகச் சொல்கிறார். அப்பாவின் கண் விரிகிறது. ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தவர் முடிக்காமலே போய்விடுகிறார். சிரிப்பு வருகிற அதே நொடியில் தொண்டை அடைக்கும்.

ஏஜென்ஸியின் மொத்தச் சொத்து: குட்டி வெள்ளை வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, டெலிபோன், பழைய டைப்ரைட்டர், ஒரு டீபாட், மூன்று கோப்பைகள். தனக்கொன்று, செக்ரட்டரிக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று.

முதல் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கேஸ். ஒரு பெண்ணின் வீட்டுக்கு ‘நான்தான் உன் அப்பா’ என்று ஒருவர் வந்து சேர்கிறார். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு, துரும்பைக்கூட அசைப்பதில்லை. நிஜ அப்பாதானா என்று அவளுக்குச் சந்தேகம். ரமோட்ஸ்வே அம்மா நர்ஸ் உடையில் போய் நிற்கிறார். “உங்கள் மகள் ஆபத்தான நிலையில் இருக்கிறாள், அப்பாவின் ரத்தம்தான் வேண்டும், நிறைய எடுக்க வேண்டும், உங்கள் உயிருக்கே ஆபத்து வரலாம்” என்கிறார். அவ்வளவுதான், ‘நான் அவளுடைய அப்பாவே இல்லை’ என்று ஆள் ஒத்துக்கொண்டுவிடுகிறார். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. பெற்றவன் என்றால் என்ன செய்வான் என்று தெரிந்த ஒரு பெண்மணியின் புத்தி, அது போதும்.

இதில் கஷ்டமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அவரை அடித்து உதைத்த முன்னாள் கணவன் உண்டு, பிறந்த சில நாளில் இறந்துபோன குழந்தை உண்டு, மாந்திரீகத்துக்காகக் கடத்தப்பட்ட சிறுவன் உண்டு. ஆனால் துக்கத்தின் நடுவில் நம்மைத் தனியாக விட்டுவிட்டு ஆசிரியர் நழுவுவதில்லை. ஒருவர் குறையோடு வந்தால் உட்காரவைத்து, டீ கொடுத்து, முழுசாகக் கேட்கிறார்கள். காணாமல்போன கணவனுக்கும் திருட்டுப்போன காருக்கும் அங்கே ஒரே மரியாதை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் எனக்கு இது உறைத்தது. எந்தக் கவுண்டரில் கேட்டாலும் ‘அங்கே கேளுங்க’ என்ற ஒரே பதில். ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைத்தான் படித்தேன். நாம் சொல்வதை நிதானமாகக் கேட்க ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஒவ்வொரு பக்கமும் சொன்னது. கனமான நாவல்களை மதிக்கிறேன், படிக்கிறேன். அந்த பெஞ்சில் அவை எனக்கு உதவியிருக்காது.

மூளைக்குத் தீனி வேண்டுமென்றால் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளிடம் போகலாம். 1930இல் வந்த, மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவலே முடிச்சு போடுவதில் கெட்டி. நமக்கும் இந்த ருசி புதிதில்லை. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை இன்றைக்கும் எத்தனை வீடுகளில் எடுத்து வைத்துப் படிக்கிறார்கள்! சாம்புவும் அவன் மனைவி வேம்புவும் பேசிக்கொள்ளும் இடங்களுக்காகவே நான் அதைப் புரட்டுவேன்.

ரமோட்ஸ்வே வரிசையில் இருபதுக்கும் மேல் புத்தகங்கள் வந்துவிட்டன. நடுவில் ஏதாவதொன்றை எடுக்காதீர்கள், முதலிலிருந்தே தொடங்குங்கள். மெக்கானிக் மட்டேகோனிக்கும் அவருக்கும் இடையில் மெல்ல மெல்ல வளர்கிற அன்பை வரிசையாகப் படித்தால்தான் அனுபவிக்க முடியும். கையில் பிரதி இல்லாதவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன்.